பின்தொடர்ந்தவர்கள் எழுதிவைத்த ஊர்

லால்பஜார்

லால்பஜார் என்றதும் கொல்கத்தாக்காரர்களுக்கு நினைவு வருவது போலீஸ்தான். சென்னையில் ‘கமிஷனர் ஆபீஸ்’ என்று சொல்லும் இடத்தில் இங்கே ‘லால்பஜார்’ என்கிறார்கள். சிவப்புச் செங்கல் கட்டடம், வாசலில் வெள்ளைச் சீருடைக் காவலர்கள், உள்ளே போவதும் வருவதுமாக ஜீப்புகள். ரவீந்திர சரணி வந்து சேரும் முனையில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் ஆர்மோனியத்துக்குக் காற்றடித்துச் சுருதி பார்க்கிறார்கள். அடுத்த கடையில் தபலாவின் வாரைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குகிறார்கள்.

காலை உணவை டிரெட்டா பஜாரில் முடித்திருந்தேன். கொல்கத்தாவில் தலைமுறைகளாக வாழும் சீனர்கள் விடியற்காலையில் நடைபாதையில் போடும் சந்தை அது. மீன் உருண்டை மிதக்கும் சூப், ஆவி பறக்கும் மோமோ. இட்லிக்குப் பழகிய நாக்குக்கு அந்த ஆவி மட்டும்தான் பழக்கமானது. அங்கிருந்து லால்பஜாருக்கு நடந்தே வந்துவிடலாம்.

நான் இங்கே வந்தது ஒரு வரலாற்றின் தடம் பார்க்க. இந்தியாவின் ரகசிய போலீஸ் தொழில் ஒரு முறையான துறையாக வேர்விட்ட இடங்களில் லால்பஜார் முக்கியமானது. 1868 ஏப்ரல் 1-ம் தேதி ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ரோஸ் பிரவுன் என்ற இளம்பெண் கழுத்தறுபட்டுக் கிடந்தாள். ரோந்து சுற்றவும் கூட்டத்தைக் கலைக்கவும் பழகிய சீருடைக் காவலர்களுக்கு ஒரு கொலையின் பின்னால் போகும் வழி தெரியவில்லை. ரிச்சர்ட் ரீட் என்ற அதிகாரி அந்த வழக்கை விசாரித்தார். கமிஷனர் ஸ்டூவர்ட் ஹாக் அதே ஆண்டு நவம்பரில் துப்பறியும் துறையைத் தொடங்கினார். பாரிஸில் 1812-லும் லண்டனில் 1842-லும் இப்படிப்பட்ட பிரிவுகள் வந்துவிட்டன. இங்கே அதற்கு ஓர் இளம்பெண்ணின் சாவு காரணமாக இருந்தது என்பது என் மனதில் தங்கிவிட்டது. இந்தத் தொழில் அவளுக்கு நியாயம் தேடித்தான் பிறந்தது. பிறகு அது போன பாதை வேறு.

தபலாக் கடைப் பெரியவரிடம் மஃப்டிக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். எதிரே போலீஸ் தலைமையகம் இருக்க, அவர் பார்க்காத போலீஸா? “சட்டையை மாற்றிவிடுவார்கள், ஷூவை மாற்ற மறந்துவிடுவார்கள். நாங்கள் முதலில் காலைத்தான் பார்ப்போம்” என்றார். பேசும்போதும் அவர் கை தபலாவின் விளிம்பைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

ரைட்டர்ஸ் பில்டிங்

லால்பஜாரிலிருந்து சில நிமிட நடையில் பழைய டல்ஹௌசி சதுக்கம். இன்றைய பெயர் பி.பா.தி. பாக். 1930 டிசம்பர் 8-ம் தேதி ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் நுழைந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டுக்கொன்ற பினய், பாதல், தினேஷ் மூவரின் பெயர் அது. சதுக்கத்துக் குளத்தின் நீரில் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் தூண்கள் தலைகீழாகத் தெரிகின்றன.

அதே கட்டடத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. குற்றவாளிகளை அடையாளம் காண உலகில் அமைந்த முதல் கைரேகைப் பதிவகங்களில் ஒன்று 1897-ல் இங்கேதான் வந்தது. அதை நிறுவியவர் வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றி. கணக்கைப் போட்டவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த இருவர்: அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ். ஹக் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர்.

அவர்களுக்கு முன்னால் இருந்த சிக்கல் எளிமையானது, கடுமையானதும்கூட. ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன. புதிதாக ஒருவன் பிடிபட்டால் அவனுடைய பழைய தாளை எப்படித் தேடுவது? சின்ன வயதில் நாம் விரல் நுனியைப் பார்த்து ‘உனக்கு எத்தனை சக்கரம், எத்தனை சங்கு’ என்று எண்ணியிருப்போம். அந்தச் சக்கரத்தை வைத்தே அவர்கள் வழி கண்டார்கள். பத்து விரலையும் ஐந்து ஜோடிகளாக்கினார்கள். முதல் ஜோடி விரலில் சக்கரம் இருந்தால் 16, அடுத்த ஜோடிக்கு 8, பிறகு 4, 2, 1. ஜோடியில் ஒரு விரலின் மதிப்பு மேலே சேரும், மற்றதன் மதிப்பு கீழே சேரும். இரண்டு கூட்டுத்தொகையோடும் ஒன்றைச் சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். 1/1-ல் தொடங்கி 32/32 வரை மொத்தம் 1,024 வகைகள். 32 வரிசை, வரிசைக்கு 32 அறைகள் கொண்ட அலமாரி இருந்தால் போதும். எந்தத் தாளையும் உரிய அறையிலிருந்து உடனே எடுத்துவிடலாம்.

மறு ஆண்டே இது வேலை செய்தது. ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையானார். பெட்டிக்குள் இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் ரத்தக்கறை படிந்த விரல் தடம். அது முன்பு அவரிடம் வேலை பார்த்து, திருட்டுக்காகச் சிறை சென்ற காங்காலி சரண் என்பவனின் ரேகை. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது. ரேகையை மட்டும் வைத்துக் கொலைக்குத் தண்டிக்கவில்லை. புதிய சாட்சியம் எவ்வளவு வலுவானது என்று தெரியாத நிலையில் ஓர் உயிரைப் பறிக்கத் தயங்கிய அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஹென்றி 1901-ல் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனார். இந்த முறை ‘ஹென்றி முறை’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஹக்குக்கும் போஸுக்கும் பட்டமும் ஐயாயிரம் ரூபாய் வெகுமதியும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. நம் ஊர்க் காவல் நிலையங்களில் மைத்தட்டில் விரலை உருட்டும்போது இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

காலேஜ் ஸ்ட்ரீட்

மதிய வெயிலில் காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளுக்கு நடுவே நடப்பது சென்னை மூர் மார்க்கெட்டை அறிந்த தலைமுறைக்கு ஒரு துக்கத்தைக் கிளறும். அது எரிந்து போனது. இது அப்படியே இருக்கிறது. பழைய புத்தகக் கடை இளைஞனிடம் பிரியநாத் முகோபாத்யாயின் பெயரைச் சொன்னதும், கேள்வி எதுவும் கேட்காமல் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தடித்த தொகுப்பை உருவினான்.

பிரியநாத் 1878-ல் துப்பறியும் துறையில் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த தாரோகா, அதாவது இன்ஸ்பெக்டர். தான் விசாரித்த வழக்குகளை 1892 முதல் ‘தாரோகார் தப்தர்’ என்ற தொடராக எழுதினார். இருநூறு கதைகளைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1894-ல், நம் பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைப் படைத்தார். தமிழில் துப்பறியும் கதை அங்கே தொடங்குகிறது. நம்முடையவன் கற்பனைப் பாத்திரம். இவர்களுடையவர் மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டிய நிஜ அதிகாரி.

அவர் விசாரித்தவற்றில் திரைலோக்யா வழக்கு என்னை விட்டு அகலவில்லை. பாலியல் தொழிலில் இருந்த அவள், தன்னைப் போன்ற பெண்களையே குறிவைத்தாள். ஒரு சாமியார் நகைகளை இரட்டிப்பாக்கித் தருவார் என்று சொல்லி மானிக்தலா பக்கத்துத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் குளத்தில் அமுக்கிக் கொன்றாள். கடைசியாக ஒரு கொலையில் சிக்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஹரி என்றொரு வளர்ப்பு மகன் இருந்தான். அவனையே கொலைகாரனாக்கப் போவதுபோல் பிரியநாத் போக்குக் காட்டினார். பிள்ளையைக் காப்பாற்ற அவளே நகைகளை ஒளித்த இடத்தைக் காட்டிக்கொடுத்தாள். 1884-ல் தூக்கிலிடப்பட்டாள்.

அந்தப் பெண்களுக்கு நியாயம் கிடைத்தது. அது கிடைத்த வழி, ஒரு தாயின் பாசத்தைப் பொறியாக வைத்தது. துப்பறியும் தொழிலின் மையத்தில் பொய் இருக்கிறது. வேஷம் பொய், பேச்சு பொய், நட்பும் பொய். அந்தப் பொய் யாருக்காக, எதுவரை என்பதை வைத்துத்தான் அதை எடைபோட முடியும். மிச்சமிருந்த ஊரை இந்தக் கேள்வியோடுதான் சுற்றினேன்.

பவானி தத்தா லேனில் உள்ள சுவாதீன் பாரத் இந்து ஹோட்டலில் வாழை இலையில் சாப்பாடு போட்டார்கள். சோறு, பருப்பு, பசலைக்கீரைக் கூட்டு, கடுகு விழுதில் வெந்த மீன். நம் ஊரில் குழம்பு, ரசம், மோர் என்று ஈரம் கூடிக்கொண்டே போகும்; இங்கே கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிக்கிறார்கள். மாணவப் பருவத்தில் சுபாஷ் போஸ் இங்கே சாப்பிட்டார் என்று பரிமாறியவர் பெருமையோடு சொன்னார். பிறகு கல்லூரிச் சதுக்கத்தின் ஓரத்தில் 1918 முதல் இருக்கும் பாரமவுன்ட் கடையில் இளநீர் சர்பத். அடியில் தேங்காய் வழுக்கை கிடக்கிறது. அந்தக் கடைக்குப் பின்னால் புரட்சியாளர்கள் கூடிப் பேசுவார்களாம். முன்னால் சர்பத் குடித்துக்கொண்டு ரகசிய போலீஸ் உட்கார்ந்திருக்கும் என்று பக்கத்து மேஜைப் பேராசிரியர் ஒருவர் சேர்த்துக்கொண்டார். ஒரே கோப்பையில் இரண்டு தரப்பும் குடித்த ஊர் இது.

மானிக்தலா

ஆச்சார்ய பிரபுல்ல சந்திர சாலையில் ராஜா ராம்மோகன் ராய் வாழ்ந்த வீடு இன்று கொல்கத்தா போலீஸ் அருங்காட்சியகம். உயர்ந்த கூரை, பச்சை ஜன்னல் கதவுகள், கண்ணாடிப் பேழைகளுக்குள் துப்பாக்கிகள். எல்லாவற்றையும் தாண்டி ஒரு புத்தகத்தின் முன்னால் நின்றுவிட்டேன். ஹெர்பர்ட் புரூம் எழுதிய தடித்த ஆங்கிலச் சட்டநூல். அட்டை ஒழுங்காக இருக்கிறது. உள்ளே பக்கங்களை வெட்டிச் சதுரக் குழியாக்கியிருக்கிறார்கள். அந்தக் குழிக்குள் கேட்பரி கோகோ டப்பா ஒன்றில் பிக்ரிக் அமிலத்தை அடைத்து, வெடிதூண்டிகள் பொருத்தி, மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டுக்கு 1908-ல் அனுப்பிவைத்தார் ஹேம் சந்திர கானுங்கோ. யாரோ இரவல் வாங்கிப்போன புத்தகத்தைத் திருப்பியிருப்பதாக நினைத்து கிங்ஸ்ஃபோர்டு அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டார்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முராரிபுகுர். 1908 மே 2-ம் தேதி போலீஸ் அங்கே புரட்சியாளர்கள் தங்கியிருந்த தோட்ட வீட்டைச் சுற்றி வளைத்தது. அரவிந்தரின் தம்பி பாரீந்திரர் கூட்டாளிகளோடு பிடிபட்டார். அரவிந்தர் கிரே தெரு வீட்டில் கைதானார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு அப்படித் தொடங்கியது. அதன்பின் வந்த சாவுகளை வரிசையாகச் சொன்னால் இந்த ஊர் பட்ட பாடு தெரியும். அப்ரூவராக மாறிய நரேன் கோஸ்வாமியைச் சிறைக்குள்ளேயே கனாயிலால் தத்தாவும் சத்யேந்திரநாத் போஸும் சுட்டுக் கொன்றார்கள். புரட்சியாளர் பிரபுல்ல சாக்கியைப் பிடிக்கப்போன சப்-இன்ஸ்பெக்டர் நந்தலால் பானர்ஜி அதே ஆண்டு நவம்பரில் தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். வழக்கைத் திரட்டிய சி.ஐ.டி. அதிகாரி ஷம்சுல் ஆலம் 1910 ஜனவரி 24-ல் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே விழுந்தார். கொன்றவர்களும் வங்காளிகள், செத்தவர்களும் வங்காளிகள். வெள்ளைக்காரன் ஆட்சிக்கு வேவு பார்த்த வேலையில் இவர்கள் ஒருவரையொருவர் தின்றார்கள்.

இந்த அறையில் நிற்கும் தமிழனுக்குப் புதுச்சேரி நினைவு வராமல் போகாது. ஆலம் கொலைக்குப் பிறகு அரவிந்தர் சந்திரநகர் போய், பிறகு கப்பலேறி 1910 ஏப்ரல் 4-ல் புதுச்சேரியில் இறங்கினார். பாரதி ஏற்கெனவே அங்கே இருந்தார், வ.வே.சு. ஐயர் அந்த ஆண்டே வந்து சேர்ந்தார். அவர்களுக்குப் பின்னாலேயே சென்னை சி.ஐ.டி.யும் வந்து தெருமுனைகளில் நின்றது. தபால் பிரிக்கப்பட்டது, வருகிறவர் போகிறவர் பெயரெல்லாம் குறிக்கப்பட்டது. ஐயர் வீட்டுக் கிணற்றுக்குள் பொய்க் காகிதங்கள் போட்டு மாட்டிவிடப் பார்த்ததும் அங்கேதான் நடந்தது. முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீஸிடம் சொன்னதால் தப்பினார்கள். திரைலோக்யாவிடம் சொன்ன பொய் ஒரு கொலையை வெளியே கொண்டுவந்தது. கிணற்றில் போட்ட பொய், செய்யாத குற்றத்தைச் செய்ததாக்கப் பார்த்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் இந்தத் தொழிலின் வரலாறு.

லார்ட் சின்ஹா ரோடு

பழைய பெயர் எலிசியம் ரோ. 1909-ல் கொல்கத்தா போலீஸுக்குள் தனியாக ஸ்பெஷல் பிராஞ்ச் உருவானது. அரசியல்வாதிகளைப் பின்தொடர்வதுதான் அதன் வேலை; அலுவலகம் இந்தத் தெருவில். ‘எலிசியம் ரோவுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்’ என்றால் ஒரு காலத்தில் குடும்பமே கலங்கிப்போகும். இன்று பெரிய மரங்கள் நிழல் விரித்த அமைதியான தெரு. பள்ளி விட்ட பிள்ளைகள் புச்கா வண்டியைச் சூழ்ந்து நின்றார்கள். நம் பானிபூரியைவிடப் புளிப்பும் காரமும் தூக்கல்.

இந்தப் பிரிவை உருவாக்கி வளர்த்தவர்களில் முதல்வர் சார்லஸ் டெகார்ட். அயர்லாந்துக்காரர், 1923 முதல் 1931 வரை கமிஷனர். வேஷம் போட்டு ஊருக்குள் திரிவதில் கெட்டிக்காரர் என்று கதை கதையாகச் சொல்கிறார்கள். 1924 ஜனவரி 12-ல் கோபிநாத் சாஹா டெகார்ட் என்று நினைத்து எர்னஸ்ட் டே என்ற வேறொருவரைச் சௌரங்கியில் சுட்டுக் கொன்றார்; தூக்கிலேறினார். 1930-ல் டல்ஹௌசி சதுக்கத்தில் வீசிய குண்டிலிருந்தும் டெகார்ட் தப்பினார். பின்னாளில் பிரிட்டிஷ் அரசு அவரைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பியது. அங்கே அவர் திட்டமிட்ட காவல் கோட்டைகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். கொல்கத்தாவின் சந்துகளில் பழகிய வித்தை அங்குள்ள மக்கள் தலையிலும் விடிந்தது.

எல்ஜின் ரோடு

38/2, எல்ஜின் ரோடு. சுபாஷ் போஸின் வீடு. கீழே கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஜெர்மானிய வாண்டரர் கார் நிற்கிறது. 1940 டிசம்பரில் சிறையிலிருந்து வந்த சுபாஷை மஃப்டிக்காரர்கள் வீட்டைச் சுற்றி நின்று கண்காணித்தார்கள். 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டியதும், முகமது ஜியாவுதீன் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்டின் வேஷத்தில் அவர் இந்தக் காரில் ஏறினார். ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர். கோமோ ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே போனார். அதன்பிறகு பத்து நாள் வரை, அவர் விரதமிருந்து தனிமையில் இருக்கிறார் என்று வீட்டில் சிலர் நடித்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அறைக்குள் போய்க் காலியாகித் திரும்பியது. போலீஸின் ஆயுதமான வேஷத்தையே எடுத்துப் போலீஸை ஜெயித்த இரவு அது.

மாடிப்படியின் கைப்பிடியைத் தொட்டுப்பார்த்த பெண்மணி ஒருவர், தன் பேத்தியிடம் அந்த இரவைச் சொல்லிக்கொண்டிருந்தார். “போலீஸ் தூங்கிடுச்சா பாட்டி?” என்று சிறுமி கேட்டிருப்பாள் போல, பாட்டி சிரித்துத் தலையாட்டினார்.

அந்தச் சிறுமிக்குச் சொல்ல முடியாத இன்னொரு பாதி உண்டு. நாடு விடுதலை பெற்றபின்னும் இதே வீட்டுக்கும் உட்பர்ன் பார்க் வீட்டுக்கும் வந்த கடிதங்கள் தபால் நிலையத்தில் பிரித்துப் படிக்கப்பட்டன. 1948 முதல் இருபது ஆண்டுகள் சிசிரும் அவர் சகோதரர் அமியநாதும் யாருக்கு எழுதினார்கள், எங்கே போனார்கள் என்று நம் அரசின் உளவுத்துறையே குறித்துவைத்தது. ஆங்கிலேயர் போய்விட்டார்கள், அவர்கள் பழக்கிய கண் இங்கேயே இருந்துவிட்டது. 2015 செப்டம்பர் 18-ல் மேற்கு வங்க அரசு நேதாஜி தொடர்பான 64 கோப்புகளைத் திறந்து மானிக்தலா அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தது.

லேக் மார்க்கெட்

மாலையில் தெற்கே வந்தால் ஃபில்டர் காபி மணக்கிறது. லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். பூக்கடையில் கனகாம்பரம், காய்கறிக் கடையில் வாழைப்பூ, நமக்குப் பழகிய முருங்கைக்காய். எழுபதுகளில் பள்ளிக்கூடம் படித்த மாமி ஒருவர் வீட்டுத் திண்ணையில் காபி கொடுத்தபடி பேசினார்.

“அப்போ நக்சல் காலம். மஃப்டியில வந்து எதிர்வீட்டுப் பையனைப் பத்தி விசாரிப்பா. ‘நமக்கு வங்காளி தெரியாதுன்னு சொல்லிடு’ன்னு அப்பா சொல்வார். நேக்கு நன்னாத் தெரியும். அந்தப் பையன் திரும்பி வரவே இல்லை.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்து லால்பஜாரைப் பற்றி நீதிமன்றப் பதிவே இருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியை அர்ச்சனா குகா 1974-ல் அங்கே கொண்டுபோகப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார். நடக்க முடியாமல் போனார். 1977-ல் தொடங்கிய வழக்கில் ஒரு துப்பறியும் அதிகாரிக்குத் தண்டனை கிடைக்க 1996 ஆனது. ரோஸ் பிரவுனுக்காகத் தொடங்கிய துறை, இன்னொரு பெண்ணைத் தானே உடைத்துப்போட்டது.

ரகசிய போலீஸே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. குளத்தில் அமுக்கப்பட்ட பெண்களுக்கு வேறு யார் பேசியிருப்பார்கள்? ஆனால் ரகசியத்துக்கு ஒரு காலக்கெடு இருக்க வேண்டும். யாரை, எதற்காக, யார் சொல்லிப் பின்தொடர்ந்தார்கள் என்பது ஒரு நாள் மக்கள் முன் வந்தாக வேண்டும். அது தெரிந்து வேலை செய்கிறவர் கிணற்றில் காகிதம் போடுமுன் யோசிப்பார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் காலத்துப் போலீஸ் எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் நம் விடுதலைப் போராளிகளின் வாழ்க்கையில் பல இடைவெளிகளை நிரப்பியிருக்கிறார்கள். வேவு பார்த்தவர்களின் கையெழுத்தே அவர்களுக்கு வாழ்க்கைக் குறிப்பானது. சுதந்திரத்துக்குப் பின் நம்மவர்கள் மேல் நம் போலீஸ் எழுதிய கோப்புகளும் அப்படித் திறக்கப்பட வேண்டும். கொல்கத்தா 64 கோப்புகளில் அதைத் தொடங்கிக் காட்டியிருக்கிறது. சென்னையும் தொடங்கலாம்.